அடுப்பங்கரைக் காற்றும் ஓர் அமானிதமே!

 

 

குடிதண்ணீரைக் கேன்களில் விலைகொடுத்து வாங்கும் காலத்தில் நாம் வாழ்ந்துகொண்டிருக்கின்றோம். ஆனால் நாளொன்றுக்கு ஏறத்தாழ இருபதாயிரம் முறை நாம் உள்ளிழுக்கும் மூச்சுக்கு இதுவரை யாரும் நம்மிடம் விலை கேட்டதில்லை. விலையின்றிக் கிடைப்பதால் அதன் மதிப்பை நாம் எண்ணிப் பார்ப்பதும் இல்லை. ஆயினும் அருட்கொடைகள் ஒவ்வொன்றைக் குறித்தும் மறுமையில் நாம் விசாரிக்கப்படுவோம் என்பது நமது ஈமானின் ஒரு பகுதி. அந்த விசாரணையில் காற்றும் இடம்பெறாது என்று யாரேனும் சொல்ல முடியுமா?

"காற்று மாசு என்பது டெல்லிக்காரர்களின் கவலை, நமக்குத்தான் கடற்காற்று இருக்கிறதே!" என்று கோட்டக்குப்பம் முதல் மரக்காணம் வரையுள்ள நம் கடற்கரை மக்கள் சொல்வதுண்டு. இப்பேச்சில் பாதி உண்மை உண்டு. பகற்பொழுதில் வீசும் கடற்காற்று தெருவிலுள்ள புகையைக் கலைத்துவிடுகிறது. ஆனால் அது ஜன்னலற்ற அடுப்பங்கரைக்குள் நுழைவதில்லை. பனிக்கால வைகறையில் காற்று ஓய்ந்து, தரையை ஒட்டிய குளிர்ந்த காற்றின் மீது வெப்பமான காற்று மூடிபோல் கவிந்துவிடுகிறது. அந்நேரத்தில் எழும் புகை மேலே செல்ல வழியின்றித் தாழ்வாகவே தங்கிவிடுகின்றது. நம் வீடுகளில் ஸஹர் உணவுக்கும் காலை உணவுக்கும் அடுப்பு மூட்டப்படுவதும் அதே நேரத்தில்தான்.

இடையஞ்சாவடி தரும் படிப்பினை

மரக்காணம் உப்பளங்களுக்குத் தெற்கே, விழுப்புரம் மாவட்டத்தின் செம்மண் மேட்டில் அமைந்துள்ள ஊர் இடையஞ்சாவடி. அதனை ஒட்டி ஆரோவில் நகரம் 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கப்பட்டது. அன்று அந்த மேட்டு நிலம் மழையால் அரிக்கப்பட்டு, மரங்களின்றி, காற்றடித்தால் செம்புழுதி பறக்கும் பூமியாக இருந்தது. பல்லாண்டுகள் கரைகட்டி மழைநீரைத் தேக்கி, கன்றுகளை நட்டு வளர்த்ததன் விளைவாக இன்று அங்கே காடு நிற்கிறது. சுற்றுப்புறக் கிராம மக்களின் உழைப்பும் அதில் கலந்திருக்கிறது. மனிதக் கரங்களால் கெடுக்கப்பட்ட காற்றை மனிதக் கரங்களாலேயே சீர்செய்ய முடியும் என்பதற்கு இது கண்முன் நிற்கும் சான்று.

இன்னொரு படிப்பினையும் அங்கே உண்டு. ஆரோவில் சுகாதார நிலையம் நோயாளிகள் தன்னைத் தேடி வரட்டும் என்று காத்திருக்கவில்லை. சுற்றியுள்ள கிராமங்களின் பெண்களுக்கே பயிற்சி அளித்து, அவர்களைக் கிராம சுகாதாரப் பணியாளர்களாக்கியது. ஓர் ஊர்ப் பெண் மற்றோர் ஊர்ப் பெண்ணின் அடுப்பங்கரை வரை சென்று பேச முடியும். எத்தனை பெரிய மருத்துவராலும் அது எளிதில் இயலாது. காற்று மாசைப் பொறுத்தவரை இது மிக முக்கியமானது. ஏனெனில் நோயின் வேர் பெரும்பாலும் அந்த அடுப்பங்கரையில்தான் இருக்கின்றது.

அளந்து பார்த்தபோது

தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு மாநிலங்களில் 617 கிராமப்புற வீடுகளில், விறகு போன்றவற்றை எரிக்கும் சமையலறைகளின் காற்றை ஆய்வாளர்கள் அளந்தனர். 2013இல் அதன் முடிவுகள் வெளிவந்தன. ஒரு நாளின் சராசரியாக, ஒரு கன மீட்டர் காற்றில் 609 மைக்ரோகிராம் நுண்துகள் சமையலறையில் இருந்தது. வீட்டின் புழங்குமிடத்தில்கூட 163 இருந்தது. நம் நாட்டின் சட்டம் ஒரு நாளுக்கு அனுமதிக்கும் அளவு 60 மட்டுமே. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த அளவோ வெறும் 15.

சகோதரர்களே! சற்றுச் சிந்தியுங்கள். டெல்லியின் தெருக்களில் காற்று இந்த நிலையை எட்டினால் பள்ளிக்கூடங்களை மூடுகிறார்கள், தொலைக்காட்சிகள் அலறுகின்றன. நம் தாய்மார்களும் மனைவியரும் அதே காற்றில் நின்று நமக்குச் சோறாக்குகிறார்கள். எந்தச் செய்தியும் வருவதில்லை. புதுச்சேரி ஜவஹர் நகரில் காற்றின் தரத்தை அளக்கும் அரசுக் கருவி இருக்கிறது. அது நகரின் திறந்தவெளிக் காற்றைத்தான் அளக்கும். நம் வீட்டு அடுப்படியை அளக்காது. அதை அளக்க வேண்டியவர்கள் நாம்தான்.

நுண்துகள் என்பது என்ன? நம் தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு அளவே கொண்ட மிகச் சிறிய துகள். மூக்கின் முடியும் சளியும் தடுத்து நிறுத்தும் தூசியைப் போன்றதன்று இது. நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை செல்லும்; அதன் மிக நுண்ணிய பகுதி இரத்தத்திலும் கலக்கும். ஆகவேதான் புகையின் தீங்கு இருமலோடு நிற்பதில்லை. இதயநோய், பக்கவாதம், கண்புரை, குழந்தைகளுக்கு நிமோனியா, பீடி சிகரெட்டையே தொட்டறியாத பெண்களுக்கு நாள்பட்ட மூச்சிறைப்பு எனப் பல வாயில்கள் வழியாக அது நுழைகிறது. வீட்டினுள் எழும் புகையால் உலகில் 2020ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அவர்களில் 2,37,000க்கும் மேற்பட்டோர் ஐந்து வயது நிரம்பாத பச்சிளம் பாலகர்கள்.

கருவறைக்குள்ளும் எட்டும் புகை

தமிழ்நாட்டில் 1,285 கர்ப்பிணிப் பெண்களைத் தொடர்ந்து கண்காணித்துச் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2018இல் ஒரு முடிவை வெளியிட்டனர். தாய் சுவாசிக்கும் நுண்துகள் ஒவ்வொரு 10 மைக்ரோகிராம் கூடும்போதும் பிறக்கும் குழந்தையின் எடை ஏறத்தாழ 4 கிராம் குறைகிறது. நான்கு கிராம்தானே என்று எண்ண வேண்டாம். விறகுப் புகையில் நிற்கும் தாய்க்கு அந்தப் பத்து எத்தனை மடங்காகிறது என்பதை மேலே கூறிய அளவுகளே சொல்லும்.

பின்னர் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சி, நாகப்பட்டினம் பகுதிகளிலும் கவுதமாலா, பெரு, ருவாண்டா நாடுகளிலும் 3,200 கர்ப்பிணிகளை வைத்துப் பெரும் ஆய்வொன்று நடைபெற்றது. கள்ளக்குறிச்சி 2019 வரை நமது விழுப்புரம் மாவட்டத்தோடு இணைந்திருந்த பகுதியே. பாதிப்பேருக்கு எரிவாயு அடுப்பும் உருளையும் 18 மாதங்கள் இலவசமாக அளிக்கப்பட்டன. விறகைத் தொடர்ந்தவர்கள் சுவாசித்த நுண்துகள் 70 மைக்ரோகிராம் அளவில் இருந்தது. எரிவாயு பெற்றவர்களுக்கு அது 24ஆகக் குறைந்தது. இது பெரிய மாற்றம். ஆனால் 2022இலும் 2024இலும் வெளியான முடிவுகளில், குழந்தையின் பிறப்பு எடையிலும் நிமோனியாவிலும் எதிர்பார்த்த அளவு வேறுபாடு காணப்படவில்லை என்பதை ஆய்வாளர்கள் மறைக்காமல் கூறினர்.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவநம்பிக்கை அன்று. அந்தப் பெண்களுக்கு அடுப்பு வந்தபோது கர்ப்பம் ஏற்கனவே மூன்று நான்கு மாதங்களை எட்டியிருந்தது. குறைந்த பிறகும் 24 என்பது ஆண்டுச் சராசரிக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த 5ஐவிடப் பன்மடங்கு அதிகம். நம் வீட்டு அடுப்பை மாற்றினாலும் பக்கத்து வீட்டுப் புகையும், தெருமுனையில் எரியும் குப்பையின் புகையும் நம் ஜன்னல் வழியே வரத்தான் செய்யும். ஆகவே, முன்கூட்டியே மாற வேண்டும். தனித்தன்றி, தெருவாக, மஹல்லாவாக மாற வேண்டும். மார்க்கம் நம்மை ஜமாஅத்தாக வாழச் சொன்னதன் பொருள் தொழுகை வரிசையோடு முடிந்துவிடுவதில்லை.

மார்க்கம் புகையைப் பற்றிப் பேசுகிறதா?

பச்சையாக வெங்காயமோ பூண்டோ உண்டவர், அதன் வாடையுடன் பள்ளிவாசலுக்கு வந்து பிறருக்கு இடையூறு தர வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். சிறிது நேரத்தில் மறைந்துவிடும் வாடைக்கே இந்தத் தடை என்றால், பக்கத்து வீட்டுக் குழந்தையின் நெஞ்சில் தங்கிவிடும் பிளாஸ்டிக் புகைக்கு என்ன தீர்ப்பு என்பதை உங்கள் மனசாட்சியிடமே விடுகிறேன். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதை ஈமானின் கிளைகளில் ஒன்றாகக் கற்றுத் தந்த மார்க்கம் இது. அவ்வாறாயின் பாதையில் குப்பையைக் குவித்துத் தீ வைப்பவர் எதன் கிளையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்?

நமது முன்னோர் இதை வெறும் உபதேசமாக விட்டுவிடவில்லை. 12ஆம் நூற்றாண்டில் ஷாம் தேசத்தில் வாழ்ந்த அஷ்ஷைஸரீ, சந்தைகளைக் கண்காணிக்கும் முஹ்தஸிப்களுக்காக எழுதிய நூலில், ரொட்டி சுடும் கடைகளின் கூரை உயரமாக இருக்க வேண்டும், புகை வெளியேற அகன்ற வழிகள் வைக்கப்பட வேண்டும் என்று விதித்துள்ளார். 19ஆம் நூற்றாண்டில் உஸ்மானியப் பேரரசு தொகுத்த மஜல்லா சட்டத்தில், ஒருவரது உலையின் புகை அண்டை வீட்டார் குடியிருக்க இயலாத அளவுக்குத் தொல்லை தருமானால் அத்தொல்லை நீக்கப்பட வேண்டும் என்று விதி செய்யப்பட்டது. புகைபோக்கியும் புகைச் சட்டமும் மேலைநாட்டாரிடமிருந்து நாம் கடன் வாங்க வேண்டியவை அல்ல.

1952 டிசம்பரில் லண்டன் மாநகரைக் கரிப்புகை ஐந்து நாட்கள் மூடியது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அந்தப் புகையில் ஆலைகளுக்கு மட்டுமன்றி, வீடுகளில் குளிர்காய எரித்த நிலக்கரிக்கும் பெரும் பங்கு இருந்தது. அதன் பின்னரே 1956இல் அங்கே தூய காற்றுச் சட்டம் வந்தது. ஒவ்வொரு வீட்டாரும் தம் அடுப்பின் புகை சிறிதுதானே என்று எண்ணியிருக்கக்கூடும். சிறிது சிறிதாகச் சேர்ந்ததே ஒரு நகரத்தை மூச்சுத் திணற வைத்தது.

"எல்லாம் விதிப்படி" என்பவர்களுக்கு

முகக்கவசம், மருந்து, தடுப்பூசி என்று பேசும்போது, "அல்லாஹ் விதித்தது நடக்கும்" என்று சிலர் சொல்லி எழுந்துவிடுகிறார்கள். உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்தை நோக்கிப் பயணம் செய்தபோது, ஸர்ஃக் என்னுமிடத்தில், அங்கே கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி எட்டியது. தோழர்களுடன் ஆலோசித்துத் திரும்பிவிட முடிவெடுத்தார்கள். இது இறைவிதியிலிருந்து ஓடுவதாகாதா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டபோது, ஒரு விதியிலிருந்து மற்றொரு விதியை நோக்கியே செல்வதாக உமர் (ரலி) அவர்கள் விளக்கம் அளித்தார்கள். செழிப்பான கரையும் வறண்ட கரையும் உள்ள பள்ளத்தாக்கில் ஒட்டகத்தை எந்தப் பக்கம் மேய்த்தாலும் அது விதிப்படியே; ஆனால் அறிவுள்ளவன் எதைத் தேர்ந்தெடுப்பான் என்ற கருத்தில் அவ்விளக்கம் அமைந்திருந்தது. காரணங்களைக் கைக்கொள்வது தவக்குலுக்கு முரணன்று. அதுவே தவக்குலின் முதற்படி.

கதவைத் தட்டுபவரை வரவேற்போம்

தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கியது. இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் உள்ளோருக்குப் பெண் தன்னார்வலர்கள் வீட்டிற்கே வந்து பரிசோதித்து மருந்து தருகிறார்கள். 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் இத்திட்டத்திற்குக் கிடைத்தது. ஆனால் நம்மில் சில வீடுகளில், "வீட்டில் ஆம்பிளைகள் இல்லை" என்று வாசலிலேயே அனுப்பிவிடும் வழக்கம் உண்டு. வருபவர் பெண், பேசப்போவதும் பெண்களிடமே. நோயாளியைச் சென்று நலம் விசாரிப்பதை வணக்கமாகக் கருதும் சமுதாயம், நலம் விசாரிக்க நம்மைத் தேடி வருபவரைத் திருப்பி அனுப்பலாமா?

அவரிடம் கேட்க வேண்டியவற்றைக் கேளுங்கள். இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் இருந்தால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம் என்பதை அறிந்துகொள்ளுங்கள். நிமோனியாவைத் தடுக்கும் நியூமோகாக்கல் தடுப்பூசி 2021 முதல் தமிழக அரசு மையங்களில் குழந்தைகளுக்கு இலவசமாகப் போடப்படுகிறது. ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம் என மூன்று தவணைகள். குழந்தையின் மூச்சை எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் முதல் ஓராண்டு வரையுள்ள குழந்தை நிமிடத்திற்கு 50 முறையோ, ஒரு வயது முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தை 40 முறையோ, அதற்கு மேலோ மூச்சு விட்டால் மருத்துவரிடம் செல்லுங்கள். மூச்சிழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்வாங்கினால் கணமும் தாமதிக்காமல் 108ஐ அழையுங்கள்.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, எரிவாயு. பல வீடுகளில் அடுப்பு இருக்கிறது. உருளையை மட்டும் சிக்கனம் கருதித் தேநீருக்கும் விருந்தினருக்கும் ஒதுக்கிவிட்டு, சோறும் வெந்நீரும் விறகிலேயே நடக்கின்றன. உருளைக்குப் பணம் தருவது பெரும்பாலும் ஆண்கள். புகையை விழுங்குவது பெண்கள். ஆகவே இந்தச் செய்தி முதலில் ஆண்களுக்கே உரியது. கைபேசிக்குப் பணம் கட்டும்போது தயங்காத கை, அடுத்த உருளைக்குப் பதிவு செய்யும்போது ஏன் தயங்க வேண்டும்? குடும்பத்தின் செலவு குடும்பத் தலைவர் மீது கடமை என்றால், அவர்களின் மூச்சும் அக்கடமையில் அடங்கும்.

இரண்டாவது, விறகைத் தவிர்க்க இயலாதவர்கள். பகலெல்லாம் உப்பளத்தில் வெயிலில் உழைத்துவிட்டு வந்து சவுக்கு மிளாரையும் பனை ஓலையையும் எரிக்கும் தாய்மாரைக் குறைகூறிப் பயனில்லை. அடுப்பைத் திறந்தவெளிக்கோ தாழ்வாரத்திற்கோ மாற்றுங்கள். உள்ளேயே இருந்தால் புகைபோக்கி வையுங்கள். விறகை நன்றாகக் காயவையுங்கள். 2011 டிசம்பரில் தானே புயலும், 2024 நவம்பரில் ஃபெஞ்சல் புயலும் நம் பகுதியைத் தாக்கின. புயலில் விழுந்த ஈரமரத்தை உடனே அடுப்பில் வைத்தால் புகை பன்மடங்காகும். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊதுகுழல் ஊத வேண்டாம். தீ மூட்டப் பாலித்தீன் பையைப் பயன்படுத்தவே வேண்டாம். முந்திரிக்கொட்டை ஓட்டின் காரப்புகையும் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் கேடு.

மூன்றாவது, அடுப்பில்லாத புகை. ஒரு கொசுவர்த்திச் சுருள் வெளியிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடும் அளவுக்குச் சமம் என்று 2003இல் வெளியான ஆய்வு கூறியது. கதவை அடைத்து அதை ஏற்றிக் குழந்தையின் தலைமாட்டில் வைப்பதைவிடக் கொசுவலை மேலானது. சாம்பிராணி போடும்போது ஜன்னல்களைத் திறந்துவையுங்கள். ஆஸ்துமா உள்ளவர் இருக்கும் அறையில் தவிர்த்துவிடுங்கள். வீட்டினுள் புகைபிடிப்பவர் தன் நுரையீரலை மட்டும் எரிக்கவில்லை என்பதை உணரட்டும்.

நான்காவது, வெளிக்காற்று கெட்டிருக்கும் நாட்கள். போகி, தீபாவளி நாட்களிலும், அருகில் குப்பை எரியும்போதும் ஜன்னல்களை அடைத்து, முதியோரையும் குழந்தைகளையும் உள்ளே வையுங்கள். 2015 முதல் நடைமுறையிலுள்ள தேசியக் காற்றுத் தரக் குறியீடு 200ஐத் தாண்டினால் வெளியே ஓட்டத்தையும் கடும் உழைப்பையும் தவிருங்கள். முந்தானையோ, துப்பட்டாவோ, நனைத்த கைக்குட்டையோ நுண்துகளைத் தடுக்காது. முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தும் என்-95 முகக்கவசமே ஓரளவு காக்கும்.

ஐந்தாவது, மருந்து. இன்ஹேலர் பழகிவிட்டால் விட முடியாது என்னும் வதந்தியை நம்பி, அதைப் பாதியில் நிறுத்துவோர் பலர். நோயைக் கட்டுப்படுத்துவதே அந்த மருந்துதான். ரமளானில் அதைப் பயன்படுத்துவது குறித்து அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆகவே உங்கள் ஆலிமிடமும் மருத்துவரிடமும் முன்னதாகவே கேட்டுத் தெளிவு பெறுங்கள். நோயாளிக்கு மார்க்கம் அளித்திருக்கும் சலுகையை மறுத்து உயிரைப் பணயம் வைக்காதீர்கள்.

பள்ளிவாசலிலிருந்து தொடங்குவோம்

ரமளான் முப்பது நாளும் பள்ளிவாசலின் பின்புறம் விறகடுப்பில் நோன்புக் கஞ்சி கொதிக்கிறது. நிகாஹ் விருந்துகளில் பிரியாணி தேக்சாக்களின் முன் பண்டாரிகள் கண்கலங்கி நிற்கிறார்கள். அவர்கள் இருமிக்கொண்டே ஆக்கிய உணவை நாம் பரக்கத் என்று உண்கிறோம். ஜமாஅத் நிர்வாகிகள் வணிக எரிவாயு அடுப்புக்கு மாறினால், அல்லது குறைந்தபட்சம் உயர்ந்த புகைபோக்கி அமைத்தால், அஷ்ஷைஸரீ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பு சொன்னதை நிறைவேற்றியவர்களாவோம். மஹல்லாவிலுள்ள விதவைகளுக்கும் ஏழைக் கர்ப்பிணிகளுக்கும் உருளை நிரப்பித் தருவதைச் சதகாவின் ஒரு வகையாக்கலாம். அரிசி மூட்டை தருகிறோம். அதைப் புகையின்றி ஆக்கவும் வழி செய்தால் அந்தத் தர்மம் முழுமை பெறாதா? மாதம் ஒருமுறை சுகாதாரப் பணியாளரை மதரஸாவிற்கு அழைத்துப் பெண்களிடம் பேசச் செய்யலாம். சகோதர சமுதாயப் பெண்களையும் அழைக்கலாம். புகைக்குச் சாதியும் மதமும் இல்லை. அதை விரட்டும் முயற்சிக்கும் வேண்டாம்.

கண்ணியமானவர்களே! இன்று வீடு திரும்பியதும் ஒரு காரியம் செய்யுங்கள். அடுப்பு எரியும் நேரத்தில் உங்கள் வீட்டு அடுப்பங்கரையில் பத்து நிமிடம் நில்லுங்கள். கண் எரிகிறதா, தொண்டை கரகரக்கிறதா என்று பாருங்கள். சுவரும் கூரையும் எவ்வளவு கறுத்திருக்கின்றன என்று பாருங்கள். அந்தக் கரிதான் உங்கள் வீட்டாரின் நெஞ்சுக்குள்ளும் படிகிறது. பிறகு, என்ன செய்ய வேண்டும் என்பதை யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்காது.

வல்ல ரஹ்மான் நம் குடும்பத்தாரின் உடல்நலத்தைக் காத்தருள்வானாக! நம்மால் பிறருக்கும், பிறரால் நமக்கும் தீங்கு நேராமல் பாதுகாப்பானாக! அவன் அளித்த மூச்சுக்கு நன்றி செலுத்துவோராக நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.